வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவன்

கயிறு அவருடைய உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றியிருந்தது. மறுமுனை பள்ளத்துக்குள், முழங்காலிட்டுக் குனிந்திருந்த வெல்டரின் இடுப்பில். நீல வெளிச்சம் நிலைத்து எரிந்துகொண்டிருந்தது. அப்போது கேஸ் மீட்டர் கத்த ஆரம்பித்தது.

பெரிய சத்தம் இல்லை. பசித்த பூனைக்குட்டி மாதிரி, விட்டுவிட்டு. சற்றுத் தள்ளி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தும் அது தனியாகக் கேட்டது.

"டேப்பு, உன் டப்பா வாசனைதான் அது. ஒழுங்கா மூடி வைக்கிறதுக்கு என்ன கேடு?" என்று மண்மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்.

டேப்பு என்பது அவர்தான். இரும்புக் குழாய்க்குப் பிரைமர் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே கறுப்பு டேப் சுற்றுவது அவர் வேலை. பிரைமர் என்பது தார் போல ஒரு குழம்பு. அதன் ஆவி பட்டாலும் மீட்டர் கத்தும், பெட்ரோல் ஆவி பட்டாலும் கத்தும். இரண்டுக்கும் ஒரே குரல்.

டப்பா மண்மேட்டுக்குப் பின்னால் இருந்தது. நின்ற இடத்திலிருந்து தெரியாது. கயிறு பிடித்திருப்பவர் கயிற்றை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. காலையில் டப்பாவைத் திறந்தது அவருக்கு நினைவிருந்தது. மூடியது நினைவில்லை.

"நீங்க கொஞ்சம் பாருங்க மேஸ்திரி" என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது.

மீட்டர் கத்தினால் கயிற்றை இழுக்கவேண்டும். கீழே இருப்பவன் முகமூடிக்குள் இருக்கிறான். மேலே கத்துவது அவனுக்குக் கேட்காது, வெல்டிங் புள்ளியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கயிறு இழுபட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேலே ஏறவேண்டும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் யோசித்தார்.

கீழே இருந்தவன் அவருடைய தங்கை புருஷன்.

*

அந்தப் பள்ளம் ஒரு குடியிருப்பின் பின்பக்கம் இருந்தது. ஒரு புறம் சமையலறை ஜன்னல்கள், துணிக்கொடிகள், கால் உடைந்த நாற்காலி ஒன்று. மறுபுறம் மாவு மில்லின் நீண்ட சுவர். நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண்பாதை. பாதைக்குக் கீழே, ஆள் ஆழத்தில், பெட்ரோல் குழாய். அங்கே குடியிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பின்வாசலுக்கடியில் பெட்ரோல் ஓடுகிறது என்பது மண்வாரி எந்திரம் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

"இத்தனை வருஷமா அதுக்கு மேலயா நான் துணி காயப்போட்டேன்?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"கீழ ஓடுறது எங்களுக்குத் தெரியும்மா. மேல காயுறதுதான் தெரியாமப் போச்சு" என்றான் எந்திரம் ஓட்டுபவன். அவனுக்குக் கழுத்து நீளம். அவன் ஓட்டுகிற எந்திரத்துக்கும் கழுத்து நீளம். அதனால் கொக்கு என்று பெயர்.

குழாய் புதைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பழைய தார்ச்சுற்று ஓரிடத்தில் விட்டுப்போய், ஈரம் உள்ளே இறங்கி, இரும்பு அம்மை விழுந்த முகம் போல ஆகியிருந்தது. சில குழிகளின் அடியில் இரும்பு தகரக் கனத்துக்கு வந்துவிட்டது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து ஒட்டவேண்டும்.

இரண்டு பக்கமும் வால்வை அடைத்துப் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். ஆனால் குழாய் நேர்கோட்டில் கிடப்பதில்லை. தாழ்ந்த இடங்களில் கொஞ்சம் தேங்கும். தேங்கியது ஆவியாகும். அதனால் வெட்டிய வாய்கள் இரண்டிலும் பிசைந்த களிமண்ணை முழங்கை ஆழத்துக்கு இடித்துத் திணிப்பார்கள். மண்ணுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் ஆவி. இந்தப் பக்கம் வெல்டர், நெருப்போடு. வேலை முடிந்ததும் பெட்ரோல் வந்து அந்த மண்ணை உடைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். அது எப்படி நின்றது, எங்கே விரிசல் விட்டது என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

இந்தக் கடைசி விஷயம் டேப்புவைத் தூங்கவிடாது. டேப் சுற்றி முடித்த குழாயின் மேல் ஸ்பார்க் மிஷின் என்று ஒன்றை ஓட்டிப் பார்ப்பார்கள். சுருள் கம்பி ஒன்று குழாயைத் தழுவிக்கொண்டே போகும். சுற்றில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் பொறி தட்டும், மணி அடிக்கும். ஒட்டுப் போட்டு மறுபடி ஓட்டலாம். அந்த மிஷின் அவருக்குப் பிடிக்கும். மண் அடைப்புக்கு அப்படி ஒரு மிஷின் இல்லை. கேஸ் மீட்டர் மட்டும்தான். அதுவும் எதைப் பார்த்துக் கத்துகிறது என்று சொல்லாது.

இது போதாதென்று குழாயில் மின்சாரம் வேறு உண்டு. மண்ணுக்குள் துருப்பிடிக்காமல் இருக்க எப்போதும் லேசாக ஓடவிடுவார்கள். வெட்டும் நாளில் அதை நிறுத்திவைப்பார்கள். நிறுத்தினாலும் மிச்சம் இருக்கும் என்று, வெட்டுகிற இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடித்த கேபிளைக் கவ்வ வைத்துவிட்டுத்தான் குழாயில் கை வைப்பார்கள். இல்லாவிட்டால் துண்டு பிரிகிற நொடியில் இடைவெளியில் பொறி தாவும். டேப்பு காலையில் வந்ததும் முதலில் அந்தக் கவ்விகளைத்தான் ஆட்டிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆட்டிப் பார்ப்பார்.

"ஏன் டேப்பு, அது என்ன ஆடுற பல்லா?" என்று கொக்கு கேட்பான்.

*

அந்தக் கோஷ்டியில் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளத்தில் இறங்குகிற வெல்டருக்கு உறவுக்காரன் யாராவது கோஷ்டியில் இருந்தால் அவன்தான் கயிறு பிடிக்கவேண்டும். கம்பெனி சொன்னதல்ல. யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது. கேட்டால் மேஸ்திரி சொல்வார்:

"சம்பளத்துக்குப் பிடிக்கிறவன் டீ குடிக்கப் போவான். வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் போகமாட்டான்."

டேப்பு இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவராக இருந்தார். தீக்காயப் பிரிவு. ஒரு சுற்றின் பாதியை மறைத்து அடுத்த சுற்று ஏறவேண்டும். சுருக்கம் விழக்கூடாது. இறுக்கவும் கூடாது, தளரவும் கூடாது. அவர் கை அதற்கென்றே செய்தது போல இருக்கும். அங்கே படுத்திருந்த தன் தம்பியைப் பார்க்க வந்த ஒரு கான்ட்ராக்டர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குழாய்க்குச் சுத்துறியாப்பா? அது அழாது" என்று கேட்டார். சம்பளம் எவ்வளவு என்று கூடக் கேட்காமல் இவர் சரி என்றார்.

பள்ளத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். டேப்பு கலந்துகொள்ள மாட்டார். முகமூடி இருப்பதால் முகம் தப்பும். அதற்குக் கீழே என்ன ஆகும் என்பதை அவர் வருஷக்கணக்கில் தினமும் அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்.

ஆனாலும் முதலில் இவ்வளவு பயம் இல்லை. தானே பள்ளத்தில் இறங்கி, குழாயைக் கட்டிப்பிடித்து டேப் சுற்றும்போது அவருக்கு எதுவும் தோன்றியதில்லை. பயம் கல்யாணத்தோடு வந்தது. அவருடைய கல்யாணம் அல்ல.

கோஷ்டிக்குப் புதிதாக ஒரு வெல்டர் வந்து சேர்ந்தான். நல்ல கை. ஒட்டிய இடம் பின்னல் போட்டது மாதிரி இருக்கும். தனியாள், தினமும் கடையில் வாங்கிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். டேப்பு ஒருநாள் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். தங்கை தட்டு வைத்துவிட்டு அவன் சட்டையைப் பார்த்தாள். மார்பு முழுவதும் பொறி விழுந்த ஓட்டைகள்.

"இது சட்டையா, சல்லடையா?"

"சலிச்சு எடுத்துதான் உள்ள ஆளை வச்சிருக்கு" என்றான் அவன்.

அவள் சிரித்தாள். டேப்புவும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பைப் பலமுறை நினைத்திருக்கிறார். அவனைக் கூட்டிவந்தவர் அவர்தான். அன்றைக்கு அவன் ரொட்டி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மேஸ்திரி கயிற்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். "இனிமே உன் மாப்பிள்ளை. உன் கயிறு." அவர் அதை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார்.

மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முன்னறை அவர்களுக்கு, அடுப்படியை ஒட்டிய சின்ன அறை அவருக்கு. காலையில் இரண்டு டிபன் பாக்ஸையும் கட்டி ஒரே பையில் போட்டுக் கொடுப்பாள் தங்கை. கொடுக்கும்போது சொல்வாள்:

"போறது மாதிரியே ரெண்டு பேரா வாங்க. ஒருத்தரா வர்றதா இருந்தா வரவே வேண்டாம்."

வேடிக்கையாகத்தான் சொல்வாள். மாப்பிள்ளை, "அப்ப ஒருத்தர் எங்க போய்ப் படுக்கிறது?" என்பான். டேப்பு பையை வாங்கிக்கொண்டு முதலில் படி இறங்கிவிடுவார்.

கயிறு கைக்கு வந்ததிலிருந்து அவர் சும்மா சும்மா இழுத்தார். ஒருமுறை தன் பிரைமர் டப்பாவின் ஆவிக்கே இழுத்தார். ஒருமுறை தெருவில் போன லாரி புகை கக்கியதற்கு இழுத்தார். மீட்டர் கத்தாமலேகூட ஒருமுறை இழுத்திருக்கிறார். கத்தினது போல இருந்தது என்றார். வெல்டிங்கில் முதல் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றால் அந்த ஒட்டு போனதுதான். சில சமயம் அறுத்து எடுத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து. ஒரு பகல் முழுக்க வீண்.

"உன் பயத்துக்கெல்லாம் கம்பெனி வெல்டிங் ராடு வாங்கித் தராது டேப்பு" என்றார் மேஸ்திரி.

மாப்பிள்ளை வீட்டில் அதை நடித்துக் காட்டினான். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து, திடீரென்று பின்னால் இழுபட்டு விழுந்தான். தங்கைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்து.

இன்று காலை பள்ளத்தில் இறங்குவதற்கு முன் அவன் நடிக்கவில்லை. முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, தணிந்த குரலில் சொன்னான்:

"மச்சான், இன்னிக்குச் சும்மா இழுத்தீங்கன்னா அடுத்த தடவை கயிறை கொக்குகிட்ட குடுத்துருவேன். கோச்சுக்காதீங்க. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"சரி மாப்பிள்ளை" என்றார்.

கொக்கு டீ குடிக்கப் போகிறவன்.

*

காலையிலிருந்தே எல்லாம் தாமதம். பங்க்குகளில் பெட்ரோல் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மேலிடத்திலிருந்து மேஸ்திரிக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. களிமண்ணை முதல்நாள் சாயங்காலமே பிசைந்து ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். வெயிலில் சாக்கு காய்ந்துவிட்டது. மேலே தண்ணீர் தெளித்துப் புரட்டிக் கொடுத்துத் திணித்தார்கள். திணித்த பிறகு வெல்டிங் ஆரம்பிக்க முடியவில்லை. அந்த வரிசை வீடுகளில் எல்லோரும் அடுப்பை அணைத்தால்தான் அனுமதி. பாதுகாப்புக்குப் பொறுப்பான சேஃப்டி சார் வீடு வீடாக ஏறி இறங்கினார். இளவயதுக்காரர், பொறுமைசாலி. துணி காயப்போட்ட அம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"குழந்தைக்குப் பால் காய்ச்சணும். உங்க குழாய்க்காக அது பட்டினி கிடக்குமா?"

"நான் டீக்கடையில காய்ச்சி வாங்கிட்டு வந்து தர்றேம்மா."

"கடைப் பால்ல தண்ணி."

"நின்னு பாத்து வாங்கறேன்."

உண்மையிலேயே போய் நின்று வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவர் மீட்டரின் ரப்பர்க் குழலைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டுச் சோதித்தார். சத்தம் இல்லை. "ஆரம்பிக்கலாம்" என்றார். முதல் ராடு பற்றிய கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டு ஜன்னலில் புகை தெரிகிறது என்று யாரோ சொல்ல, மீட்டரை டேப்புவின் காலடியில் வைத்துவிட்டு அங்கே ஓடினார்.

அப்போதுதான் அது கத்தியது.

டேப்பு அங்கே நின்று தங்கையை நினைக்கவில்லை, ஆஸ்பத்திரியை நினைக்கவில்லை. டப்பா மூடியை நினைத்தார். வட்ட மூடி. ஓரத்தில் நசுங்கியது. காலையில் பள்ளத்தின் அந்த ஓரத்தில் ஒரு சின்னக் கீறலுக்குப் பூசுவதற்காகத் திறந்தார். பூசினார். பிரஷ்ஷை எங்கே வைத்தார்? யாரோ கூப்பிட்டார்கள். கேபிள் கவ்வியைப் பார்க்கப் போனார். மூடியை அழுத்தினாரா? சுத்தியலால் தட்டினாரா? தட்டும் சத்தம் காதில் இருக்கிறதா என்று தேடினார். எத்தனையோ நாள் தட்டிய சத்தங்கள் இருந்தன. இன்றைய சத்தம் எது என்று தெரியவில்லை.

காற்று மண்மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கித்தான் வீசியது. டப்பாவாகத்தான் இருக்கும்.

கீழே நீலப் புள்ளி சீராக நகர்ந்துகொண்டிருந்தது. குழாயின் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டான். அங்கேதான் கை நடுங்காமல் இருக்கவேண்டும். இப்போது இழுத்தால் ஒட்டு போச்சு. எல்லோரும் சிரிப்பார்கள். கயிறு கொக்கு கைக்குப் போகும்.

மீட்டரின் குரலில் இடைவெளி குறைந்தது போல இருந்தது. குறைந்ததா? போன தடவையும் அப்படித்தான் இருந்தது. மேஸ்திரி மறுபடி ஏதோ சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

கீழே ராடு எரிந்து கட்டையாகிக்கொண்டிருந்தது. இது முடிந்ததும் அவனே நிறுத்துவான். அடுத்த ராடு மாட்டுவதற்கு நிறுத்தித்தான் ஆகவேண்டும். அதுவரை பொறுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இன்னும் ஒரு விரல் நீளம்தான்.

இழுத்தார்.

இழுக்க வேண்டும் என்று முடிவு செய்து இழுத்ததாக அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு கையாலும், முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தார். கயிறு உள்ளங்கையைச் சீவிக்கொண்டு ஓடி இறுகியது. கீழே மாப்பிள்ளை மல்லாந்து விழுந்தான். நீல வெளிச்சம் அணைந்தது.

அவன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என்ன மச்சான்? என்ன இப்ப?"

டேப்பு மீட்டரைக் கையால் காட்டினார்.

"இதுக்கா? இதுக்கா இழுத்தீங்க? அடியில முக்கால்வாசி முடிச்சுட்டேன். இன்னும் இவ்வளவுதான் இருந்துச்சு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். "வேணும்னே பண்றீங்களா?"

"டப்பா..." என்றார் டேப்பு.

"டப்பாதான். உங்க டப்பாதான். அந்த டப்பாவை இன்னிக்கு..."

மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு மேஸ்திரி வந்தார். கையில் பிரைமர் டப்பா. திட்டுவதற்காகத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கவேண்டும். ஆனால் திட்டவில்லை. கீழே வைத்தார். மூடி மூடியிருந்தது. சுற்றிலும் வழிந்த பிரைமர் காய்ந்து, மூடியும் டப்பாவும் ஒன்றாகியிருந்தன. மேஸ்திரி விரலால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை.

மீட்டர் கத்திக்கொண்டிருந்தது.

சேஃப்டி சார் ஓடி வந்தார். யாரையும் எதுவும் கேட்காமல் ரப்பர்க் குழலை இன்னும் கீழே, புதுத் துண்டும் பழைய குழாயும் சேருகிற இடம்வரை இறக்கினார். குரல் விட்டுவிட்டு வருவது நின்று, ஒரே இழுப்பாக இழுத்தது.

"எல்லாரும் பின்னாடி போங்க" என்றார், மெதுவாக. "ஜெனரேட்டரை நிறுத்துங்க. போனை யாரும் எடுக்காதீங்க."

போனார்கள். ஓடவில்லை. ஓடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கால் அப்படித்தான் நடந்தது. மில் சுவர் முடிகிற இடத்தில் நின்றார்கள். ஜெனரேட்டர் நின்றதும் தெருவின் மற்ற சத்தங்கள் கேட்டன. ஒரு குழந்தை அழுதது. யாரோ வாளியை வைத்தார்கள்.

"மண்ணு காய்ஞ்சு விட்டுக்கொடுத்துருக்கு" என்றார் மேஸ்திரி கடைசியில். "சாக்கு காய்ஞ்சப்பவே புதுசாப் பிசைஞ்சிருக்கணும். நான்தான் சொன்னேன், தெளிச்சா போதும்னு."

"ஆவி எரியிற அளவுக்கு இன்னும் வரல" என்றார் சேஃப்டி சார். "வந்துக்கிட்டிருந்தது." அவர் சட்டைப்பையில் பால் வாங்கிய சில்லறை குலுங்கியது. பையைக் கையால் அழுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். கொக்கு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். அவன் வாய்க்குக் கொண்டுபோனான். தண்ணீர் மோவாயில் வழிந்தது. மறுபடி கொண்டுபோனான். பிறகு பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

"அவ்வளவுதான் இருந்துச்சு" என்றான். இந்தமுறை விரலால் காட்டவில்லை.

டேப்பு அவன் பக்கத்தில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது. மறுமுனை இன்னும் அவன் இடுப்பில் இருந்தது. இருவரும் அதை அவிழ்க்கவில்லை.

*

இருவரும் பஸ் பிடித்து வந்தார்கள். வீட்டு வாசலில் மாப்பிள்ளை நின்றான்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் மச்சான்."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

குழாயடியில் சட்டையைக் கழற்றிவிட்டு அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை துண்டோடு போனாள். துண்டைக் கொடுக்கவில்லை. இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக, விரல் பருமனுக்குக் கன்றியிருந்தது.

"இது என்ன?"

"உங்கண்ணன் பாசம்" என்றான். "முத்திரை குத்தி அனுப்பியிருக்காரு."

"மறுபடியும் இழுத்தாரா?"

"இழுக்காம? டப்பாவைத் திறந்து போட்டுட்டு வேடிக்கை பாத்தா மீட்டர் கத்தாதா?"

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"ஆமா" என்றார். "மூட மறந்துட்டேன்."

"ஒட்டு போச்சா?"

"போச்சு."

"ஏண்ணே, உனக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம வீட்டுல இருந்து வெங்காயம் உரி. அதுக்கும் கத்தி கையில பட்டுருமோன்னு பயப்படுவே." துண்டை வீசினாள். "இவர் இடுப்பென்ன கிணத்து உருளையா? வர்றவங்க பாத்தா நான் அடிச்சேன்னு நினைப்பாங்க."

"அப்படியே சொல்லிரு. மரியாதையா இருக்கும்" என்றான் மாப்பிள்ளை. சிரிக்க முயன்றான். சிரிப்பு சரியாக வரவில்லை. துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டான், வெகு நேரம்.

அவள் களிம்பு எடுத்து வந்து அவன் இடுப்பில் தடவினாள். திட்டிக்கொண்டே தடவினாள். முடித்துவிட்டு டியூபை மூடப்போனவள், அண்ணன் தம்ளரை இடதுகையால் ஏதோ போலப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். வந்து தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வலதுகையை விரித்தாள். உள்ளங்கைக்குக் குறுக்கே தோல் வழித்துக்கொண்டு போயிருந்தது.

காயத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சும்மா இழுத்ததுக்கா இவ்வளவு தோல் போகும்?"

மாப்பிள்ளை கொடியில் சட்டையைத் தேடினான். அவள் மறுபடி கேட்கவில்லை. களிம்பை வைத்து, ஒரு பழந்துணியைக் கிழித்துச் சுற்றினாள். சுற்று சரியாக இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தாறுமாறாகப் போனது. அவர் அதைத் திருத்தவில்லை. அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"நாளைக்கும் நீதானே பிடிக்கிறே?" என்றாள், துணியைப் பார்த்துக்கொண்டே.

"மாப்பிள்ளையைத்தான் கேக்கணும்."

மாப்பிள்ளை சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து சொன்னான்:

"கொக்குக்குக் கழுத்துதான் நீளம்."

*

மறுநாள் மண் புதிதாகப் பிசைந்தார்கள். பழைய அடைப்பைத் தோண்டி எடுத்தபோது ஒரு பக்கத்தில் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே தீக்குச்சி நுழைகிற இடைவெளி இருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, அந்த மண்கட்டியைத் தூர வீசினார். கெட்டுப்போன ஒட்டை அறுத்து முனையைச் சீவினார்கள். சேஃப்டி சார் பால் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கடைசி வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை இறங்குவதற்கு முன் இடுப்பு முடிச்சை இழுத்துப் பார்த்தான். டேப்பு கேபிள் கவ்விகளை ஆட்டிப் பார்த்தார். கொக்கு பல்லைப் பற்றிக் கேட்கவில்லை; கயிற்றை எடுத்து அவர் கட்டுப்போட்ட கையில் வைத்தான். பிரைமர் டப்பாவை யாரோ லாரியில் ஏற்றித் தெருமுனையில் நிறுத்தியிருந்தார்கள். மீட்டர் கத்தவில்லை. மதியத்துக்குள் இரண்டு ஒட்டும் முடிந்தன. ஒட்டுகளை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது.

பிறகு டேப்பு இறங்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் பூசி, டேப் சுற்றினார். கைக்கட்டு தடுத்ததால் வழக்கத்தைவிட நேரம் ஆனது. ஸ்பார்க் மிஷினை ஓட்டியபோது அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் மணி அடித்தது. ஒட்டுப் போட்டார். மறுபடி ஓட்டினார். அடிக்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டினார்.

மணல் போட்டு மண் தள்ளி மூடினார்கள். அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். துணிக்கொடியையும் கட்டிக்கொள்ளலாம் என்று கொக்கு சொன்னான். அந்த அம்மாள் தன் கொடிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் கூட்டம். ஓர் இடம்தான் காலியாக இருந்தது. மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டான். டேப்பு டிபன் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.